கால் எட்டுதா?

நாளைக்குக் காலேஜுக்கு வரும்போது நம்ம சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. பாதிக்கு மேல சைக்கிள்ல சீட் அடி வரைக்கும் இறங்கி, பிரேமோட ஒட்டி உட்கார்ந்திருக்கும். அப்படியே கேட் பக்கம் வந்து, உள்ளே வர்றவங்களையும் கவனிங்க. ஒவ்வொரு மிதிக்கும் முட்டி மேல ஏறி ஹேண்டில்பாரைத் தொடப் பார்க்கும். சின்னப் பசங்க சைக்கிளைப் பெரியவங்க ஓட்டுற மாதிரி இருக்கும். ஆனா யாருக்கும் அது வித்தியாசமா தெரியாது, ஏன்னா நாம எல்லாருமே அப்படித்தான் ஓட்டுறோம்.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். சைக்கிள் ஓட்டி முட்டி வலி வந்தா அது சைக்கிளோட குத்தமும் இல்ல, உங்க தலையெழுத்தும் இல்ல. பெரும்பாலும் அது ஒரு நட்டு திருகுற வேலை. அந்த வேலையைச் செய்யாம வலியைத் தாங்கிக்கிட்டு ஓட்டுறதை நாம வீரம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். அந்த வீரம் எனக்கு ஒன்றரை மாசத்தைத் தின்னுடுச்சு. உங்களுக்கு அப்படி ஆக வேணாம்னுதான் எழுதுறேன்.

எங்கே ஆரம்பிச்சது?

நம்ம அப்பா அம்மா தலைமுறை சைக்கிள் பழகினது வாடகை சைக்கிள்ல. சீட்ல உட்கார்ந்தா கால் எட்டாது. அதனால பிரேமுக்கு நடுவுல காலை விட்டுக் குரங்குப் பெடல். விழுந்து, முட்டியைத் தேய்ச்சுக்கிட்டு, அப்புறம்தான் ஓட்டவே வரும். அந்த அனுபவத்திலிருந்து அவங்க எடுத்துக்கிட்ட பாடம் ஒண்ணுதான்: கால் தரையில எட்டணும்.

அதனாலதான் பிளஸ் ஒன்ல கவர்மென்ட் சைக்கிள் கொடுத்த அன்னைக்கு, அதை நேரா வடலூர் நாலு ரோட்டுப் பக்கம் இருக்கிற கடைக்குத் தள்ளிட்டுப் போன எங்க அப்பா கேட்ட ஒரே கேள்வி, "கால் எட்டுதாடா?" நான் ரெண்டு காலையும் தரையில முழுசா ஊனிக் காட்டினேன். "எட்டுதுப்பா." கடைக்கார அண்ணன் பானாவை வச்சு நட்டை முறுக்கிட்டார். அதோட சரி. அதுக்கப்புறம் நான் ரெண்டு அங்குலம் வளர்ந்தேன். சீட் வளரல.

காலேஜ் ரெண்டாம் வருஷத்துல ஒரு சீனியர்கிட்ட இருந்து பழைய கியர் சைக்கிள் ஒண்ணு வாங்கினேன். அதுலயும் முதல் வேலையா சீட்டைக் கீழே இறக்கினேன். யாரும் சொல்லல, கை தானா போச்சு. உங்க வீட்டுலயும் இதே கதையா இருக்கலாம். யோசிச்சுப் பாருங்க, உங்க சீட் உயரத்தை முடிவு பண்ணது யார்? எப்போ? எதை வச்சு?

நான் கண்டுபிடிச்ச பதில் இதுதான். நாம சீட்டை *நிக்கிறதுக்கு* ஏத்த மாதிரி வச்சிருக்கோம், ஓட்டுறதுக்கு ஏத்த மாதிரி இல்ல. ஒரு மணி நேரம் ஓட்டினா சிக்னல்லயும் கேட்லயும் நிக்கிறது ரெண்டு நிமிஷம் இருக்குமா? அந்த ரெண்டு நிமிஷ வசதிக்கு மிச்ச 58 நிமிஷமும் முட்டி கடன் கட்டுது.

வீராணம் போன கதை

டிசம்பர் லீவுல நாங்க நாலு பேர் வீராணம் ஏரிக்குக் கிளம்பினோம். வடலூர்ல இருந்து கும்பகோணம் ரோட்டைப் பிடிச்சு, சேத்தியாத்தோப்பு தாண்டி, ஏரிக்கரை வழியா லால்பேட்டை வரைக்கும். போக வர 70 கிலோமீட்டர். 'பொன்னியின் செல்வன்' ஆரம்பத்துல வந்தியத்தேவன் குதிரையில வர்ற அதே கரை. அவனுக்கு முட்டி வலிச்சதா கல்கி எழுதல. எழுதவும் முடியாது, ஓடினது குதிரை.

அதுவரைக்கும் நான் ஒரு நாளைக்கு அதிகபட்சமா ஓட்டினது 16 கிலோமீட்டர், காலேஜுக்குப் போக 8, வர 8. ஒரேயடியா அதை நாலு மடங்குக்கு மேல ஏத்தினேன். அதுலயும் பெரிய கியர். சின்ன கியர்ல காலைச் சுத்திக்கிட்டுப் போனா கிண்டல் பண்ணுவாங்கன்னு, பின்னாடி இருக்கிற சின்னப் பல்சக்கரத்துலயே செயினை வச்சு, எழுந்து எழுந்து மிதிச்சேன்.

ஏரிக்கரையில எதிர்க்காத்து. வலது முட்டிக்கு முன்பக்கம், சில்லுக்குக் கீழே, ஊசி குத்துற மாதிரி ஆரம்பிச்சது. சொன்னேன். "இன்னும் 30 கிலோமீட்டர்தானேடா, மிதி, சூடானா சரியாயிடும்"னாங்க. அவங்களைக் குத்தம் சொல்லல. அவங்க இடத்துல நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சேத்தியாத்தோப்புல பஸ் நின்னுச்சு. சைக்கிளைத் தெரிஞ்ச கடையில போட்டுட்டு ஏறியிருக்கலாம். ஏறல. ஒரு காலாலயே மிதிச்சு வீடு வந்து சேர்ந்தேன். போட்டோவும் ஸ்டேட்டஸ்ல போட்டேன்.

மறுநாள் காலையில மாடிப்படி இறங்க முடியல. ஏறுறதை விட இறங்குறதுதான் கொடுமை. அடுத்த வாரம் முட்டி வீங்கினது குறைஞ்சது, வலி குறையல. டாய்லெட்ல குந்த முடியாது. லேப்ல ஸ்டூல்ல அரை மணி நேரம் உட்கார்ந்துட்டு எழுந்தா கால் நீட்டவே ஒரு நிமிஷம் ஆகும். தைப்பூசத்துக்கு ஊரே சத்திய ஞான சபைக்கு வந்திருந்தது. 1867-ல வள்ளலார் தொடங்கின தருமச்சாலையில எத்தனையோ வருஷமா பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். அந்த வருஷம் சம்மணம் போட முடியாம ஓரமா நின்னேன். 20 வயசுல.

அப்பாதான் பேச்சை எடுத்தார். "சைக்கிள் போதும்டா. ஒரு பைக் எடுத்துடலாம். மாசாமாசம் தவணை கட்டிக்கலாம்." அப்பா சுரங்கத்துல ஒப்பந்த வேலை. தங்கச்சி பிளஸ் டூ. அந்தத் தவணை எங்கிருந்து வரும்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். முட்டி வலின்னா வெறும் முட்டி வலின்னு நினைச்சுடாதீங்க. நம்மில் பலருக்கு சைக்கிள் பொழுதுபோக்கு மட்டும் இல்ல. அது பஸ் காசு, பெட்ரோல் காசு, சாயங்காலம் நெய்வேலி டவுன்ஷிப் மர நிழல்ல ஒரு சுத்து சுத்திட்டு வர்ற சுதந்திரம். அது போச்சுன்னா அந்த இடத்துக்கு ஒரு கடன் வந்து உட்காரும்.

"சீட்டைப் பாரு தம்பி"

கடலூர்ல ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட போனேன். முட்டியை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தார். ஒத்தைக் கால்ல குந்தச் சொன்னார். அப்புறம் கேட்டார், "நீ சைக்கிள் ஓட்டுற வீடியோ ஏதாவது இருக்கா?" வீராணம் ஸ்டேட்டஸைக் காட்டினேன். பத்து செகண்ட் பார்த்துட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, ஜவ்வு எதுவும் கிழியல. முட்டிச்சில்லுக்குப் பின்னாடி அழுத்தம் ஜாஸ்தியாகி வந்த வலி. முதல்ல சீட்டைப் பாரு."

இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இதை யாராவது வெளியிலிருந்து வந்து சொல்லணுமான்னு எனக்கு வெட்கமா போச்சு. சைக்கிள் மேல இருக்கிற நம்ம கால் ஒரு ஃபோர் பார் லிங்கேஜ். தொடை ஒரு லிங்க், கணுக்காலோட சேர்ந்த கீழ்க்கால் ஒரு லிங்க், கிராங்க் ஒரு லிங்க், இடுப்புக்கும் கிராங்க் மையத்துக்கும் நடுவுல இருக்கிற பிரேம் நாலாவது லிங்க். லேப்ல இதே மாடலைக் கையால சுத்தி, ரெக்கார்டுல வரைஞ்சு, கையெழுத்து வாங்கிட்டு, வெளியே வந்து நாலாவது லிங்க்கோட நீளத்தைத் தப்பா வச்சு வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறோம்.

முட்டிச்சில்லு என்ன வேலை பண்ணுதுன்னு பாருங்க. அது கிணத்துக் கப்பி மாதிரி. தொடைத் தசை கயிறு, சில்லு கப்பி. கயிறு கிட்டத்தட்ட நேரா போனா கப்பி மேல அழுத்தம் கம்மி. கயிறு எவ்வளவு வளையுதோ அவ்வளவு அழுத்தம். ரெண்டு பக்கமும் ஒரே இழுவிசை இருக்கிற எளிய கப்பிக் கணக்குப்படி, கயிறு 30 டிகிரி வளைஞ்சா அழுத்தம் இழுவிசையில 0.52 பங்கு. 90 டிகிரி வளைஞ்சா 1.41 பங்கு. அதாவது 2.7 மடங்கு. உண்மையான முட்டி இதைவிடச் சிக்கலானது, ஆனா திசை இதுதான். சீட் தாழ்ந்தா முட்டி எப்பவும் அதிகமா மடங்கியே இருக்கும். மடங்கின முட்டியோட பலமா மிதிச்சா சில்லு தொடை எலும்போட அழுந்தும்.

அடுத்தது கியர். என் சைக்கிள்ல முன்னாடி 42 பல். பின்னாடி 14 பல்லுல வச்சா பெடல் ஒரு சுத்துக்குச் சக்கரம் 3 சுத்து, அதாவது சுமார் 6.3 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துல போக நிமிஷத்துக்கு 53 மிதி போதும். பின்னாடி 21 பல்லுக்கு மாத்தினா அதே வேகத்துக்கு 79 மிதி வேணும். இப்போ பவர் = டார்க் × கோண வேகம். 100 வாட் கொடுக்கிறோம்னு வச்சுக்கோங்க, 170 மில்லிமீட்டர் கிராங்க். 53 மிதிக்கு ஒரு காலோட சராசரி மிதி விசை 106 நியூட்டன், கிட்டத்தட்ட 11 கிலோ எடை. 79 மிதிக்கு 71 நியூட்டன், 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. வேகம் ஒண்ணுதான், பவர் ஒண்ணுதான். முட்டி மேல விழுற சுமை மட்டும் மூணுல ஒரு பங்கு குறையுது.

கடைசியா எண்ணிக்கை. 70 கிலோமீட்டரை 6.3-ஆல வகுத்துப் பாருங்க: ஒரு காலுக்கு 11,111 மிதி. நான் தினமும் பழகியிருந்த 16 கிலோமீட்டருக்கு 2,540 மிதி. தப்பான உயரம், தப்பான கியர், பழகாத எண்ணிக்கை. மூணையும் ஒரே நாள்ல சேர்த்து வச்சு முட்டிகிட்ட கொடுத்துட்டு, அது ஏன் வலிக்குதுன்னு கேட்டேன்.

இறங்கத் தெரியணும்

"வலியெல்லாம் பார்த்தா ஓட்ட முடியுமா?"ன்னு கேக்குறவங்களுக்கு பெர்னார்ட் இனோவைப் பத்திச் சொல்லணும். பிரான்ஸ் நாட்டுக்காரர். 1978, 1979 ரெண்டு வருஷமும் டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சவர். பிடிச்ச பிடியை விடாத பிடிவாதத்துக்குப் பேர் போனவர். 1980-லயும் அவர்தான் முன்னணியில, மஞ்சள் சட்டை அவர் உடம்புல. ஆனா முட்டியில வலி. பிரெனீஸ் மலை ஏற வேண்டிய கட்டத்துக்கு முன்னாடி, போ நகரத்துல, மஞ்சள் சட்டையோடயே போட்டியை விட்டு விலகினார். உலகமே பார்த்துக்கிட்டிருந்த நேரத்துல இறங்கினார். அதே வருஷம் ஆகஸ்ட் கடைசியில சல்லான்ஷ்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சார். 1983-ல மறுபடியும் முட்டி, ஆபரேஷன், டூர்ல கலந்துக்கவே இல்ல. 1985-ல அஞ்சாவது டூரை ஜெயிச்சார்.

மஞ்சள் சட்டை போட்டவரே இறங்கியிருக்கார். நான் ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக சேத்தியாத்தோப்புல இறங்கல. இதுல யார் வீரன்னு நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணும் கவனிங்க. நீண்ட தூர சைக்கிள்காரங்க ஓட்டுற 200 கிலோமீட்டர் பிரெவேக்கு அனுமதிக்கிற நேரம் 13 மணி 30 நிமிஷம். சாப்பாடு, தண்ணி, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் கூட வராது. 200 கிலோமீட்டர் ஓட்டுறவங்ககிட்டயே யாரும் பெரிய கியரைக் கேக்கல. நாம ஏரிக்குப் போய்ட்டு வர்றதுக்கு யாருக்கு நிரூபிக்கிறோம்?

நீங்க பண்ண வேண்டியது

முதல்ல சீட். சுவத்துல சாய்ஞ்சு, செருப்பில்லாம நில்லுங்க. ஒரு தடிமனான நோட்டைத் தொடைக்கு நடுவுல, சைக்கிள் சீட் அழுத்துற அளவுக்கு மேல தள்ளிப் பிடிங்க. நோட்டோட மேல் விளிம்புல இருந்து தரை வரைக்கும் அளந்தா அது உங்க உள்கால் நீளம். அதை 0.883-ஆல பெருக்குங்க. கிராங்க் மையத்துல இருந்து சீட் மேல்பக்கம் வரைக்கும் அந்த உயரம் இருக்கணும். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பேர்ல புழங்குற கணக்கு இது. 1967-ல ஹாம்லி, தாமஸ்னு ரெண்டு பேர் சொன்ன இன்னொரு கணக்கு: பெடல் அடியில இருக்கும்போது, பெடல்ல இருந்து சீட் வரைக்கும் உள்கால் நீளத்துல 109 சதவீதம். எனக்கு உள்கால் 82 சென்டிமீட்டர். முதல் கணக்குப்படி 72.4. ரெண்டாவது கணக்குல கிராங்க் நீளம் 17-ஐக் கழிச்சா அதே 72.4. என் சீட் இருந்தது 65-ல!

டேப் இல்லையா? சீட்ல உட்கார்ந்து, ஒருத்தரைப் பிடிச்சுக்கச் சொல்லி, குதிகாலைப் பெடல்ல வைங்க. பெடல் அடியில போகும்போது கால் நேரா நீளணும். அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தை வச்சு மிதிச்சா முட்டி லேசா, 25-லிருந்து 35 டிகிரி, மடங்கியிருக்கும். அதுதான் வேணும். ஒரேயடியா ஏத்தாதீங்க. ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர், ரெண்டு மூணு நாள் ஓட்டிப் பார்த்துட்டு அடுத்த அரை. பின்னாடி வர்ற பிரெண்டைப் பார்க்கச் சொல்லுங்க. இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடினா உயரம் ஜாஸ்தி. சீட் பைப்புல போட்டிருக்கிற எல்லைக் கோட்டுக்கு மேல இழுக்கவே கூடாது, உடைஞ்சுடும். பைப் பத்தலன்னா நீளமான பைப் கடையில கேளுங்க.

ரெண்டாவது, வலி எங்கன்னு பாருங்க. பொதுவா முன்பக்கம் வலிச்சா சீட் தாழ்வு, இல்ல கியர் கனம். பின்பக்கம் வலிச்சா சீட் ரொம்ப உயரம். உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலிச்சா பாதம் பெடல் மேல எந்தக் கோணத்துல திரும்பியிருக்குன்னு கவனிங்க. இது ஒரு தொடக்கம்தான், வைத்தியம் இல்ல. முட்டி திடீர்னு வீங்கினா, பாதியில பூட்டிக்கிட்டா, நடக்கும்போது நழுவினா, காய்ச்சலோட சூடா சிவந்தா, கெண்டைக்கால் வீங்கி வலிச்சா, சீட்டைத் திருகிக்கிட்டு இருக்காதீங்க. நேரா டாக்டர்கிட்ட போங்க.

மூணாவது, தூரத்தைப் படிப்படியா ஏத்துங்க. 16 ஓட்டுறவர் அடுத்து 20, அப்புறம் 25. லேசான கியர்ல, நிமிஷத்துக்கு 70, 80 மிதி. கிண்டல் பண்றவங்ககிட்ட மேல இருக்கிற டார்க் கணக்கைக் காட்டுங்க.

நாலாவது, தொடையும் இடுப்பும் பலமாகணும். சுவத்துல சாய்ஞ்சு நாற்காலி மாதிரி உட்கார்றது, படியில ஒத்தைக் காலா மெதுவா ஏறி இறங்குறது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குறது. எனக்குக் கொடுத்தது இந்த மூணுதான். ஹாஸ்டல் ரூம்லயே பண்ணலாம். ஒண்ணும் பண்ணாம ஒரு மாசம் படுத்துக்கிட்டா வலி போகும், தசையும் சேர்ந்து போகும். திரும்ப ஏறின அன்னைக்கு வலி திரும்ப வரும்.

அஞ்சாவது, வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓட்டாதீங்க. முட்டிக் கவசம் கதகதப்பா இருக்கும், தைரியமாவும் இருக்கும். ஆனா அது சீட்டை அரை சென்டிமீட்டர் கூட ஏத்தாது.

எதிர்க்கேள்விகள்

"சைக்கிள் ஓட்டினா மூட்டு தேய்ஞ்சிடும்னு தாத்தா சொல்றாரே?" மூட்டு ஆபரேஷன் ஆனவங்களைப் பிசியோதெரபி ரூம்ல எதுல ஏத்துறாங்கன்னு போய்ப் பாருங்க. நகராத சைக்கிள்ல! உடம்பு எடை முழுசா முட்டியில இறங்காம காலை அசைக்க அது நல்ல வழி. அங்கேயும் முட்டி மடங்க சிரமப்படுறவங்களுக்கு முதல்ல சீட்டை உயரமாத்தான் வைப்பாங்க. தாத்தாவோட சைக்கிள் தப்பு பண்ணல, சீட்தான் பண்ணியிருக்கும்.

"சீட் உயரமா இருந்தா கடலூர் ரோட்டுல பஸ் ஹாரன் அடிக்கும்போது கால் ஊன முடியாதே?" இது நியாயமான பயம். இதை நான் லேசா எடுத்துக்கல. நிக்கும்போது சீட்லயே உட்கார்ந்திருக்க வேணாம், சீட்டை விட்டு முன்னாடி இறங்கி, பிரேமுக்கு மேல நிக்கணும். காலையில டவுன்ஷிப்ல வண்டி இல்லாத ரோட்டுல ஒரு வாரம் பழகினா கை வந்துடும். அதுவரைக்கும் பாதி உயரம் போதும். பாதி ஏத்தினாலே முட்டிக்குப் பாதி நிம்மதி.

"ஒரே சைக்கிளை வீட்டுல மூணு பேர் ஓட்டுறோம்." அப்போ சீட் பைப்புல மூணு கோடு போடுங்க, மார்க்கர்ல. நட்டுக்குப் பதிலா கையால திறக்கிற கிளாம்ப் கடையில கிடைக்கும். அரை நிமிஷ வேலை.

கடைசியா ஒரு வேண்டுகோள்

ஒன்றரை மாசம் கழிச்சு நான் திரும்ப சைக்கிள் ஏறின அன்னைக்கு அப்பா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தார். சீட் உயரத்தைப் பார்த்ததும் பழைய கேள்வியே வந்தது. "கால் எட்டுதாடா?" "தரையில எட்டலப்பா, பெடல்ல நல்லா எட்டுது"ன்னேன். நம்பல. தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பைக் பேச்சை அதுக்கப்புறம் அவர் எடுக்கல. போன மாசம் மறுபடியும் வீராணம் போய்ட்டு வந்தேன். நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, லேசான கியர், நடுவுல ரெண்டு டீ. மறுநாள் மாடிப்படி இறங்கினப்பதான் நேத்து 70 கிலோமீட்டர் ஓட்டினதே ஞாபகம் வந்தது.

நம்ம காலேஜ்ல வொர்க்‌ஷாப் இருக்கு, லேத் இருக்கு, டிசைன் மென்பொருள் இருக்கு. சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு பானா கிடையாது. நான் கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்ல. ஸ்டாண்டுத் தூண்ல சங்கிலி போட்டுக் கட்டின ஒரு பானா, ஒரு அலன் கீ செட். சுவத்துல பெயின்ட்ல வரைஞ்ச ஒரு அளவுகோல். அதுக்குப் பக்கத்துல 0.883-ன்னு எழுதின ஒரு வரி. வருஷா வருஷம் பர்ஸ்ட் இயர் பசங்க வரும்போது ஒரு சாயங்காலம் சீனியர்ங்க நின்னு சீட் ஏத்திக் கொடுத்தா போதும். ராகிங்குக்கு எதிரா போஸ்டர் ஒட்டுறதை விட, ஜூனியரோட சீட்டைச் சரி பண்ணிக் கொடுக்கிறது நல்ல அறிமுகம்னு நான் நினைக்கிறேன்.

நிர்வாகம் அனுமதி கொடுக்கிற வரைக்கும் காத்திருக்க வேணாம். வர்ற திங்கள்கிழமை சாயங்காலம் நாலரைக்கு நான் ஸ்டாண்டுல இருப்பேன். பானாவும் டேப்பும் என்கிட்ட இருக்கு. ஒரு தடிமனான நோட்டு மட்டும் நீங்க கொண்டு வாங்க.